அப்பா பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பார்த்தீர்களா?

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. சீனர்களுக்கு டான், லிம், வோங் என்று ஒன்று தலைமுறைகளாகத் தொடர்ந்து வரும். நம் பிள்ளையின் பெயரோடு ஒட்டி நிற்பது தந்தையின் பெயர்தான். பேரன் காலத்தில் அதுவும் மாறிவிடும். எனவே பெயர் தேடும் பெற்றோர் பார்க்க வேண்டியது, அது அப்பா பெயரோடு பொருந்துகிறதா என்பதை. அதையும் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். தமிழில் எழுதும்போது அப்பா தலைப்பெழுத்தாக முன்னால் வருகிறார். பிறப்புப் பத்திரத்திலும் மைகாட்டிலும் பின்னால் வருகிறார்.

பின்னால் வருவதை முதலில் பார்ப்போம். 'ஏ/எல்' என்பது 'அனாக் லெலாக்கி', அதாவது மகன்; 'ஏ/பி' என்பது 'அனாக் பெரம்புவான்', மகள். அப்பா பெயர் சுப்பிரமணியம், கோபாலகிருஷ்ணன் என்று நீண்டிருந்தால் பிள்ளைக்குக் கவின், நிலா, எழில் போன்ற சின்னப் பெயர் இதமாக ஒலிக்கும். அப்பா ராமு, வேலு என்றால் தமிழ்ச்செல்வன், பூங்கோதை போன்ற பெயர்களையும் தாராளமாக வைக்கலாம். நீளத்தோடு நீளம் சேர்ந்தால், பாரங்களில் கட்டம் கட்டமாக நிரப்பிச் சோர்ந்து போவது பிள்ளைதான். நம் பெண்கள் திருமணத்திற்குப் பிறகும் அடையாள அட்டையில் தந்தை பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதால், இந்த ஜோடி ஆயுள் முழுக்கச் சேர்ந்தே வரும். வெளிநாட்டுக்குப் போனால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. விமான டிக்கெட்டில் சாய்கோடு விழாமல் 'ஏஎல்' பெயரின் பகுதியாகிவிடும். மகளை அப்பா பெயர் சொல்லி 'மிஸ் சுப்பிரமணியம்' என்று அழைப்பார்கள்.

தலைப்பெழுத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு, கல்யாணப் பத்திரிகை, கோவில் உபயப் பட்டியல் எல்லாவற்றிலும் பெயர் தலைப்பெழுத்தோடுதான் வரும். அப்பா பெயர் 'அ'வில் தொடங்கினால் கூடுதல் கவனம் வேண்டும். 'அ' சில சொற்களுக்கு முன்னால் வந்து நின்றால் பொருளையே தலைகீழாக்கிவிடும். அர்ஜுனன் மகள் மங்களா என்றால் 'அ. மங்களா', ஒலிபெருக்கியில் கேட்பவர் காதில் 'அமங்களா' என்றே விழும். அருணன் மகள் நீதி என்றால் 'அநீதி'. சாமிநாதன் பிள்ளைகளுக்குச் 'சா' என்ற எழுத்து முன்னால் நிற்பதும் சில தாத்தா பாட்டிகளுக்கு உறுத்தும், அங்கே 'சாமி. கவின்' என்று சற்று நீட்டி எழுதினால் தீர்ந்தது. மு. முகிலன், க. கவிதா என்று வருவது சிலருக்குத் திக்குவதுபோல் இருக்கும். எனக்கு அது அழகாகவே படுகிறது; மோனை நம் மொழியின் சொத்து.

அடுத்தது மலாய்க் காது. தமிழில் மதி என்றால் நிலவு, அறிவு. மலாயில் 'மாத்தி' என்றால் இறப்பு. பாலா நமக்குச் செல்லப் பெயர். மலாயில் அதற்குப் பேரிடர் என்று பொருள். மணிக்கு அங்கே உள்ள பொருளை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. இடைநிலைப் பள்ளியில் இதைக் கேலியாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் உண்டு. அதற்காக இந்தப் பெயர்களைக் கைவிட வேண்டியதில்லை. மதிவதனி, இளமதி, பாலமுருகன், மணிமேகலை என்று இன்னொரு சொல்லோடு சேர்த்தால் கேலிக்கு இடமிருக்காது. 'ழ'கரத்திற்கும் ஒரு வழி உண்டு. 'இசட்எச்' போட்டு எழுதினால் மலாய் ஆசிரியர் கயல்விழியைக் 'கயல்விஸி' என்பார். 'எல்' போட்டு எழுதினால் 'கயல்விலி' என்று ஓரளவு பக்கத்தில் வரும்.

ஜோதிடர் எழுதித் தரும் எழுத்தும் சில வீடுகளில் தலைவலியாகிறது. ஆயில்யத்தின் நான்கு பாதங்களுக்கும் டி, டு, டே, டோ என்றுதான் எழுத்து. பூரத்தில் மூன்று பாதங்களுக்கு 'ட' வரிசை. 'ட'கரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியக் காலத்து இலக்கணம். வராத எழுத்தில் பெயர் தேடினால் பொருளில்லாத ஒலிக்கூட்டம்தான் கிடைக்கும். அந்த எழுத்தில் ஒரு பெயரைத் தொட்டிலில் இடும்போது பிள்ளையின் காதில் சொல்லிவிட்டு, பத்திரத்தில் வேறு பெயர் பதிவது பெரியவர்களும் ஏற்கக்கூடிய வழி. எண்கணிதத்திற்காக நடுவில் 'எச்', 'ஏ' என்று எழுத்துகளைச் சொருகுவது வேறு கதை. அது ரோமன் எழுத்தைத்தான் மாற்றும், தமிழ்ப் பெயர் அப்படியே இருக்கும். பிள்ளையோ காலமெல்லாம் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

தோட்டத்துக் காலத்தில் கிராணி காதில் விழுந்ததுதான் எழுத்து. லட்சுமி 'லெட்சுமி' ஆனதும், ஒரே தகப்பனின் பிள்ளைகளுக்குத் தகப்பன் பெயர் வெவ்வேறு எழுத்தில் இருப்பதும் அப்படி வந்தவை. இன்று கிராணி இல்லை. எழுத்துக்கு நாமே பொறுப்பு. தேசியப் பதிவு இலாகாவுக்குப் போகும் முன்பே பிள்ளையின் பெயரை ரோமன் எழுத்தில் பெரிதாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்பா பெயரை அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். மூத்த பிள்ளை இருந்தால் அதன் பிறப்புப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முகப்பில் சரிபார்க்கச் சொல்லித் தாளை நீட்டும்போது, குழந்தை அழுதாலும் பரவாயில்லை, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.