கீசர் வால்வில் தண்ணீர் சொட்டுதா? அடைச்சிடாதீங்க!

காலையில் கீசர் ஸ்விட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில், அதன் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "புது கீசர்தானே, அதுக்குள்ள லீக்கா? எம்-சீல் வெச்சு அடைச்சிடலாம்" என்றுதான் பலருக்கும் தோன்றும்.

ஆனால் அந்தத் துளையை அடைப்பது, பிரஷர் குக்கரின் விசிலையும் சேஃப்டி வால்வையும் அடைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பது போன்றது.

ஏன் சொட்டுகிறது?

ஸ்டோரேஜ் கீசருக்குள் பச்சைத் தண்ணீர் போகும் குழாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். உள்ளே போன தண்ணீரை அது திரும்பி வரவிடாது. உள்ளே அழுத்தம் கூடினால், கொஞ்சம் தண்ணீரை வெளியே விடும்.

தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரி செல்சியஸிலிருந்து 75 டிகிரிக்குப் போகும்போது, சுமார் அரை லிட்டருக்குக் கூடுதல் இடம் தேவை. டேங்க் ஏற்கெனவே ஃபுல். பாத்ரூம் குழாயும் மூடியிருக்கிறது. அதனால் வால்வு வழியாகச் சொட்டுகிறது. சூடாகும்போது மட்டும் சொட்டினால் அது பழுதல்ல.

அடைத்தால் என்ன ஆகும்?

வழக்கமாக, தண்ணீர் போதிய அளவு சூடானதும் தெர்மோஸ்டாட் கரன்ட்டை நிறுத்திவிடும். அதுவும், அதற்குத் துணையாக இருக்கும் கட்-அவுட்டும் பழுதானால், வால்வுதான் கடைசிக் காவல். அதையும் அடைத்துவிட்டால், அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடேறிக்கொண்டே போகும். டேங்க் பிளக்கும் நொடியில் அதில் ஒரு பகுதி சட்டென்று நீராவியாகும். நீராவிக்குத் தண்ணீரைப் போல 1,600 மடங்குக்கும் மேல் இடம் வேண்டும். கீசர் வெடிப்பது இப்படித்தான்.

எப்போது பிளம்பரைக் கூப்பிடணும்?

* கீசரை அணைத்து, ஆறிய பிறகும் ஒழுகினால். வால்வில் தூசி, உப்பு சிக்கியிருக்கலாம். பிரஷர் பம்பின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம்.
* வழக்கமாகச் சொட்டும் வால்வு திடீரென்று நின்றுபோனால். போர் தண்ணீர் உப்பு படிந்து வால்வு இறுகியிருக்கலாம்.
* டேங்க்கிலிருந்தோ வயர் பக்கமிருந்தோ கசிந்தால். உடனே எம்.சி.பி.யை அணைத்துவிடுங்கள், சரிசெய்யும்வரை கீசரைத் தொடவே வேண்டாம்.

நீங்களே செய்யக்கூடியது

சொட்டுவது தொந்தரவாக இருந்தால், வால்வின் வாயில் ஒரு டியூப் மாட்டி, தண்ணீர் வெளியேறும் இடம்வரை இறக்கிவிடலாம். வேலையைத் தொடங்கும் முன் எம்.சி.பி.யை அணைத்து, தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். டியூப் மடங்கக் கூடாது, அதன் முனை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். புது வால்வு வாங்கினால், பழையதில் உள்ள அதே 'பார்' அளவைக் கேட்டு வாங்குங்கள்.

வாடகை வீட்டுக்குக் குடிபோகிறீர்களா? கீசரைப் போடும் முன் அதன் அடியில் ஒருமுறை பாருங்கள். முன்பு இருந்தவர்கள் அந்த வால்வை அடைத்து வைத்திருக்கலாம்.