தோட்டப் பாதைக்கு யார் பொறுப்பு?

நாட்டை ஆள்வது யார் என்று கேட்டால் பாடசாலை மாணவரும் விடை கூறுவர். தோட்டப் பாதையைச் செப்பனிட வேண்டியது யார் என்று கேட்டால் டிக்கோயாவில் பெரியோரும் தயங்குவர். இத்தயக்கம் நீங்க, நிருவாக அமைப்பை அறிந்துகொள்வது அவசியமாகும்.

இலங்கை 1972 இல் குடியரசானது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி ஜனாதிபதியே அரசினதும் நிறைவேற்றுத்துறையினதும் தலைவராவார். பிரதமரும் அமைச்சர்களும் 225 உறுப்பினரைக் கொண்ட பாராளுமன்றத்திலிருந்து நியமிக்கப்படுகின்றனர். மத்திய அரசின் பணிகள் மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர் என்ற வரிசையில் மக்களை வந்தடைகின்றன. இவர்கள் நியமனம் பெற்ற அரச உத்தியோகத்தர்கள். வாக்களித்து மாற்றக்கூடியவர்கள் அல்லர்.

மக்கள் தெரிவு செய்யும் மன்றங்கள் மற்றொரு வரிசையாகும். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின் வழியே மாகாண சபைகள் தோன்றின. மாநகர, நகர, பிரதேச சபைகள் அவற்றின் மேற்பார்வைக்கு உட்பட்டவை. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 இல் முடிவுற்றபின், ஆண்டுக்கணக்கில் தேர்தலின்றி ஆளுநரின் கீழேயே நிருவாகம் நடைபெற்று வந்தது. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச் முதல் 2025 மே மாதத் தேர்தல் வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றியே இயங்கின.

வீதியை உதாரணமாகக் கொள்வோம். ஏ, பீ தரப் பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. டிக்கோயா நகரின் உள்வீதிகளும் வடிகான்களும் ஹட்டன்-டிக்கோயா நகர சபையின் பொறுப்பாகும். நகரில் கடை நடத்தும் முஸ்லிம் வர்த்தகரும் தமிழ் வர்த்தகரும் தமது குறையை அங்கே முறையிடலாம். நகர எல்லையைக் கடந்து தேயிலை மலைக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. 1992 முதல் தோட்டங்களை நிருவகித்து வருபவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். தோட்டப் பாதையும் லயன் அறைகளும் அவற்றின் பொறுப்பிலேயே விடப்பட்டன.

1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவில் தோட்டக் குடியிருப்புகள் உள்ளடக்கப்படவில்லை. இதனால் தோட்ட மக்களின் வாக்கால் அமைந்த சபையே அவர்களது குடியிருப்புக்கு நிதி செலவிட முடியாதிருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2018 இல் நிறைவேறிய திருத்தமே இத்தடையை நீக்கியது. அவ்வாண்டுத் தேர்தலுக்கு முன்னர் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய புதிய சபைகள் உருவானமையும் குறிப்பிடத்தக்கது.

சட்டத்தடை நீங்கியபோதிலும் சபையின் வருமானம் தானாகப் பெருகிவிடாது. நிலமும் கம்பனியின் நிருவாகத்திலேயே உள்ளது. எனவே, "இது தோட்டத்தின் வேலை" என்று சபையும், "இது சபையின் வேலை" என்று தோட்டமும் கைவிரிக்க இடமுண்டு. இதற்கு மருந்தாக 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் உதவும். தமது தோட்டத்துக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது என்று எவரும் சபையிடம் எழுத்தில் கேட்கலாம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

வாக்குரிமை சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே பயன்படும். கேள்வி கேட்கும் உரிமையோ ஆண்டு முழுவதும் நம் கையில் உள்ளது. எக்கேள்வியை எவ்வாசலில் கேட்பது என்பதை அறிந்து செயற்படுவதே மலையக மக்களின் இன்றைய தேவையாகும்.