வீட்டு வரி நோட்டீஸ் தப்பா வந்தா என்ன செய்யலாம்?



2022-ஆம் ஆண்டு ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து தீர்மானம் எழுதும் நேரம். பேரூராட்சிப் பகுதியில் வீடு வைத்திருக்கும் நம் சகோதரி ஒருவர், பாஸ் புத்தக உறையில் மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். சொத்து வரி நோட்டீஸ். அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவருக்கு 600 ரூபாய் என்று வந்திருந்தது.

"போய்க் கேளும்மா" என்றோம். "கேட்டா குழாய்த் தண்ணிய நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருக்குக்கா. அவரும் வெளியூர்ல வேலைக்குப் போயிட்டாரு" என்றார்.

இந்தப் பயம் நம்மில் பலருக்கும் உண்டு. வரி கட்டுவது நம் கடமை. ஆனால் போட்ட வரி சரியா என்று கேட்பது நம் உரிமை. கேட்டதற்காக யாரும் நம்மைத் தண்டிக்க முடியாது.

எங்கே தப்பு நடந்தது?

2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியது. சென்னைக்குத் தனிக் கணக்கு. நம்மைப் போன்ற நகராட்சி, பேரூராட்சிகளில் குடியிருப்பு வீடுகளுக்கு இப்படி:

600 சதுர அடி வரை - 25 சதவீதம்
601 முதல் 1200 வரை - 50 சதவீதம்
1201 முதல் 1800 வரை - 75 சதவீதம்
1800-க்கு மேல் - 100 சதவீதம்

(இது கிராம ஊராட்சிகளுக்குப் போட்ட உயர்வு அல்ல.)

அன்று மாலையே டேப்போடு நாலு பேர் அந்தச் சகோதரி வீட்டுக்குப் போனோம். வெளிச் சுவர் ஓரமாகப் பிடித்து அளந்தோம். நீளம் 26 அடி, அகலம் 22 அடி. பெருக்கினால் 572 சதுர அடி. நோட்டீஸில் 616 என்று இருந்தது. 28-ஐ 22-ஆல் பெருக்கினால்தான் 616 வரும். 26 என்ற எண்ணை யாரோ 28 என்று எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான்!

அந்த இரண்டு அடியால் வீடு 600-ஐத் தாண்டிவிட்டது. 25 சதவீதம் போட வேண்டிய இடத்தில் 50 சதவீதம். 500 ரூபாய் வர வேண்டியது 600 ஆகிவிட்டது. வருடத்துக்கு 200 ரூபாய் கூடுதல். நாளைக்கு வரி ஏறினாலும் இந்தத் தப்பான தொகையின் மேல்தான் ஏறும். அதனால்தான் முதலிலேயே திருத்த வேண்டும்.

அளவும் கணக்கும் எழுதி மனு கொடுத்தார். வந்து மறுபடி அளந்தார்கள். வரி 500 ஆனது. அதிகம் கட்டியிருந்த 100 ரூபாயை அடுத்த அரையாண்டில் கழித்துக்கொண்டார்கள்.

நோட்டீஸ் வந்ததும் பார்க்க வேண்டியவை

1. பெயர், கதவு எண், தெரு சரியா? இறந்துபோனவர் பெயரிலேயே வருகிறதா?
2. சதுர அடி சரியா? நாமே அளந்து பார்க்க வேண்டும். கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டிய வீடு 360 சதுர அடி. எதையும் சேர்த்துக் கட்டாமலே 500 என்று போட்டிருந்தால் கேட்க வேண்டும்.
3. வீட்டின் வகை சரியா? கூரை வீட்டை மெத்தை வீடு என்று எழுதியிருக்கிறார்களா?
4. குடியிருக்கும் வீட்டைக் கடை என்று போட்டிருக்கிறார்களா? கடைக்கு வரி அதிகம். திண்ணையில் தையல் மெஷின் போட்டிருக்கும் சகோதரிகள் இதைக் கவனமாகப் பாருங்கள்.
5. கட்டிய வரியையே பாக்கி என்று காட்டுகிறார்களா? பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள்.

யாரிடம் மனு கொடுப்பது?

நகராட்சி என்றால் ஆணையர். கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை நகராட்சிகள். சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் போன்ற பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். கிராம ஊராட்சி என்றால் ஊராட்சி மன்றத் தலைவர். தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் இருந்தால் அவர். அங்கே சரியாகவில்லை என்றால் ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (கிராம ஊராட்சி) போகலாம். அடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். கலெக்டர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர்.

ஆட்சேபணைக்கு எத்தனை நாள் என்று நோட்டீஸில் பாருங்கள். நோட்டீஸ் கைக்கு வந்த தேதியை அதிலேயே எழுதி வையுங்கள். நாள் தவறவிடக் கூடாது.

மனுவில் கதை வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"ஐயா / அம்மா, என் வீட்டு வரி விதிப்பு எண் ____. நோட்டீஸில் என் வீடு ____ சதுர அடி என்று உள்ளது. நீளம் ____ அடி, அகலம் ____ அடி, மொத்தம் ____ சதுர அடிதான். நேரில் வந்து அளந்து வரியைத் திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: நோட்டீஸ் நகல், பழைய ரசீது நகல்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதை மறக்கவே கூடாது! வாய்ச்சொல்லுக்கு ஆதாரம் கிடையாது. வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள்.

பதிலே வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தில் வரிப் பதிவேட்டின் நகலையும் மனுமீது எடுத்த நடவடிக்கையையும் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்போருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஊரில் பல வீட்டுக்கும் இதே குறை என்றால் கிராம சபையில் பேசுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும்.

மனு கொடுத்தாச்சு என்று வரியை நிறுத்த வேண்டாம். பாக்கி சேர்ந்தால் நமக்குத்தான் கஷ்டம். கட்டிவிட்டு, "ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்தினேன்" என்று மனுவில் எழுதுங்கள். நகராட்சி, பேரூராட்சியில் அரையாண்டு தொடங்கி ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு.

மலைச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

கல்வராயன்மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. யாருக்கு எவ்வளவு கட்டினோம் என்று நம் பாட்டிமார் கேட்ட காலம் இல்லை அது. இன்று நாம் கேட்கலாம்.

வீட்டு வரி ரசீது பட்டா ஆகிவிடாது. ஆனால் வன உரிமைச் சட்டம் 2006-ன் கீழ் மனு போடும்போது, 2008 விதிகளின்படி வீட்டு வரி ரசீதும் ஒரு சான்று. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே நிலம் தங்கள் அனுபவத்தில் இருந்ததைக் காட்ட வேண்டும். அதனால் பழைய ரசீது கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பேரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் இப்போதே திருத்துங்கள். கணவன் மனைவி இருவர் பேரிலும் சேர்த்துத்தான் அந்த உரிமைப் பத்திரம் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வரி ரசீதைக் கொண்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லுங்கள். ஒரு டேப் போதும், ஒரு நாளில் பத்து வீட்டை அளந்துவிடலாம். சேமிப்புக் கணக்கில் ஒரு ரூபாய் தவறினாலும் விடாமல் கேட்கிறோமே, வீட்டுக் கணக்கில் மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும்?