பொறாமை வந்தால்தான் விடுதலை!

செமஸ்டர் லீவுல ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் பார்க்கணும்னு தோணினா, இதைப் பாருங்க. 1961-ல் பியெத்ரோ ஜெர்மி இயக்கிய இத்தாலிய நகைச்சுவைப் படம். பெயர் 'இத்தாலிய பாணி விவாகரத்து'. தலைப்பே செம நக்கல். ஏன்னா, அப்போ இத்தாலியில் விவாகரத்துக்குச் சட்டமே கிடையாது!

சிசிலித் தீவில் ஒரு சின்ன ஊர். நொடிச்சுப்போன பிரபு ஃபெஃபேவாக மார்செல்லோ மாஸ்ட்ரோயானி. மனைவி ரொசாலியாவைக் கண்டாலே எரிச்சல். உறவுக்காரப் பெண் ஆஞ்செலா மேல் மோகம். மனைவியைப் பிரிய வழியில்லை. ஆனால் கொல்ல வழி இருக்கு!

எப்படின்னு கேட்கறீங்களா? அன்றைய தண்டனைச் சட்டத்தின் 587-வது பிரிவு அப்படி. மனைவியோ மகளோ சகோதரியோ தகாத உறவில் இருப்பதைக் கண்டு, மானம் போன ஆத்திரத்தில் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறைதான்.

இதில் ஒரு சிக்கல். ரொசாலியா கணவன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அதனால் ஃபெஃபேயே அவளுக்கு ஒரு காதலனை ஏற்பாடு செய்கிறான்! அவளை முன்பு விரும்பிய கார்மேலோவை, சுவரோவியங்களைச் சரிசெய்யும் சாக்கில் வீட்டுக்கே வரவழைக்கிறான். டேப் ரெக்கார்டரை ஒளித்துவைத்து ஒட்டுக்கேட்கிறான். தனக்காக வக்கீல் எப்படியெல்லாம் உருகி வாதாடுவார் என்று மனசுக்குள் ஒத்திகையும் ஓடுகிறது.

கவனிங்க: அவனுக்குத் துளிகூடப் பொறாமை இல்லை. ஆனால் ஊரும் சட்டமும் பொறாமையைத்தான் காதலின் அடையாளமாக மதிக்கின்றன. அதனால் அதை நடிக்கிறான். நாம விழுந்து விழுந்து சிரிக்கிறோம். நடுவில்தான் உறைக்கிறது, இங்கே ஒரு பெண்ணின் உயிர் பணயம்னு.

திரைக்கதைக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. இத்தாலியில் விவாகரத்துச் சட்டம் 1970-ல் வந்தது. அதை ரத்து செய்யலாமா என்று 1974-ல் மக்களிடம் கேட்டபோது, சுமார் 59 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்று வாக்களித்துச் சட்டத்தைக் காப்பாற்றினார்கள். 587-வது பிரிவு ஒழிய 1981 வரை ஆனது.

முடிவைச் சொல்லமாட்டேன். கடைசிக் காட்சியில் ஆஞ்செலாவின் காலை மட்டும் பாருங்க. அப்புறம், 'பொசசிவ்வா இருந்தாத்தான் உண்மையான லவ்'னு யாராவது சொன்னா, ஃபெஃபேயை ஒருமுறை நினைச்சுக்கோங்க.