மண் கொட்ட அனுமதி. சாலைக்கு யார் பொறுப்பு?

ஐந்து ஹெக்டேர் வயல். ஏக்கரில் சொன்னால் பன்னிரண்டுக்குச் சற்று மேல். அதை ஒரு மீட்டர் உயர்த்த வேண்டுமானால் 50,000 கன மீட்டர் மண் தேவை. கன மீட்டருக்கு 1.8 டன் என்று வைத்துக்கொண்டால் எடை 90,000 டன். நான்கு அச்சு டிப்பர் லாரி ஒரு நடைக்கு ஏறக்குறைய 20 டன் ஏற்றிவரும். ஆக, 4,500 லோடு. கொட்டிய வண்டி திரும்பிப் போக வேண்டும் என்பதால் சாலை சுமப்பது 9,000 ஓட்டம். ஒரே ஆண்டில் முடிப்பதாகக் கொண்டு, 250 வேலை நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று பிரித்தால், பதினாறு பதினேழு நிமிடத்துக்கு ஒரு லாரி வீட்டு வாசலைக் கடக்கும்.

விண்ணப்பப் படிவத்தில் இத்தனையும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது: வேளாண் மேம்பாட்டுக்காக நிலமட்டத்தை உயர்த்துதல்.

இங்கிலாந்தில் இந்த வேலைக்கு ‘லேண்ட் ரெய்சிங்’ என்று பெயர். கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தை நிரப்புவது வேறு. இது இருக்கும் தரைக்கு மேல் மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்குவது. தண்ணீர் தேங்கும் வயலைச் சரிசெய்ய, கோல்ஃப் மைதானத்துக்கு ஏற்ற இறக்கம் கொடுக்க, நெடுஞ்சாலை இரைச்சலைத் தடுக்கும் கரை போட, குதிரை மேய்ச்சல் நிலத்தைச் சமப்படுத்த என்று காரணம் இடத்துக்கு இடம் மாறும். ஊராரின் ஆட்சேபனைக் கடிதங்களில் மட்டும் மாறாமல் ஒன்று வரும்: இந்தக் குறுகிய சாலை இத்தனை லாரியைத் தாங்குமா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடைப்பது அரிது. மேட்டுக்கு அனுமதி தரும் சட்டம் ஒன்று, சாலையைப் பராமரிக்கும் சட்டம் இன்னொன்று. இரண்டும் ஒரே கோப்பில் சந்திப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

மண் ஏன் ஊர்விட்டு ஊர் வருகிறது?

காரணம் வரியில் இருக்கிறது. 1996 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில், குப்பைமேட்டில் கொட்டும் ஒவ்வொரு டன்னுக்கும் வரி உண்டு. தொடக்கத்தில் சாதாரணக் கழிவுக்கு 7 பவுண்டு. மக்காத, நஞ்சில்லாத மண், கல் போன்றவற்றுக்கு 2 பவுண்டு. இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் இவை 126.15 பவுண்டாகவும் 4.05 பவுண்டாகவும் உயர்ந்தன. இது போக, குப்பைமேட்டின் வாசலில் வாங்கும் கட்டணம் தனி.

அதே மண் ஒரு வயலை மேம்படுத்தப் பயன்படுகிறது என்று ஒப்புதல் கிடைத்தால், அது அப்புறப்படுத்தல் கணக்கில் வராது, வரியும் இல்லை. அந்த 2025 விகிதத்தில், நம் 90,000 டன்னில் வரி மட்டுமே 3,64,500 பவுண்டு மிச்சம். நகரத்தில் அடித்தளம் தோண்டும் ஒப்பந்ததாரர் மண்ணை இறக்க இடம் தேடுகிறார். இடம் தரும் நிலத்துக்காரருக்கு லோடுக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கவும் தயாராக இருக்கிறார்.

இந்தப் பணத்திலேயே ஒரு பூங்கா எழுந்ததுண்டு. மேற்கு லண்டனில் ஈலிங் வட்டாரத்தின் நார்த்தால ஃபீல்ட்ஸ் 2008-இல் திறக்கப்பட்டது. பழைய வெம்பிளி அரங்கத்தை இடித்த கற்கள் உட்பட, லண்டனின் பெரிய கட்டுமானத் தளங்களிலிருந்து வந்த இடிபாட்டைக் கொண்டு நான்கு கூம்புக் குன்றுகளை எழுப்பினார்கள். லாரிகள் கொட்டிய கட்டணமே பூங்காவின் செலவைத் தாங்கியது. ஏ40 என்னும் பெருஞ்சாலையின் ஓரத்திலேயே இடம் அமைந்திருந்ததால், கனரக வண்டிகளைத் தாங்கும் சாலையிலிருந்து நேரே தளத்துக்குள் நுழைய முடிந்தது.

எசெக்ஸ் கரையோரத்தின் வாலசீ தீவு இன்னொரு வழியைக் காட்டியது. லண்டனின் கிராஸ்ரெயில் சுரங்கப்பாதை தோண்டிய மண்ணில் 30 லட்சம் டன்னுக்கு மேல் அங்கே போனது. பறவைப் பாதுகாப்புக்கான ஆர்எஸ்பிபி அமைப்பு அதைக் கொண்டு நிலமட்டத்தைச் சராசரியாக ஒன்றரை மீட்டர் உயர்த்தி, உப்புச் சதுப்பு உருவாக்கியது. 2015-இல் கடல் தடுப்புச் சுவர் உடைக்கப்பட்டு அலை உள்ளே வந்தது. மண் தீவுக்கு வந்தது 1,500-க்கும் மேற்பட்ட கப்பல் நடைகளில். லாரியில் ஏற்றியிருந்தால் 20 டன் கணக்கில் ஒன்றரை லட்சம் லோடு ஆகியிருக்கும்.

ஏ40-உம் கப்பல் துறையும் வாய்க்காத இடங்களில்தான் சண்டை.

கழிவா, மண்ணா?

விண்ணப்பம் எந்த மேசைக்குப் போகும் என்பதே முதல் சிக்கல். 1990-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் 55-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது: கழிவைக் கொட்டும் இடத்தின் பரப்பு விரிந்தாலோ, குவியல் சுற்றுநிலத்தின் மட்டத்தைத் தாண்டி உயர்ந்தாலோ, அது நிலப் பயன்பாட்டையே மாற்றுவதாகும், அனுமதி வேண்டும். இரண்டடுக்கு நிர்வாகம் உள்ள பகுதிகளில் கழிவு சார்ந்த விண்ணப்பத்தை முடிவு செய்வது கவுண்டி கவுன்சில். அதே வேலையை ‘வேளாண் பொறியியல் பணி’ என்று எழுதிக் கொடுத்தால் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்குப் போகும். கழிவுத் துறை அனுபவம் முதலாவதற்கு உண்டு; இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல முடியாது.

விவசாயிகளுக்குத் தம் நிலத்துக்குள் மண்வேலை செய்யச் சில சலுகைகள் உண்டு. வெளியிலிருந்து கழிவை வரவழைத்து வயலில் குவிக்க அவை இடந்தருவதில்லை. மூன்றாவது மேசை சுற்றுச்சூழல் முகமையுடையது. வருவது உண்மையில் மறுபயன்பாடா, வரியைத் தவிர்க்கப் போட்ட வேடமா என்று பார்ப்பது அதன் வேலை. விலை கொடுத்து நல்ல மண் வாங்க வேண்டியிருந்தாலும் இந்தப் பணி நடந்திருக்குமா என்பது அது கேட்கும் முக்கியமான கேள்வி. மண்ணில் என்ன கலந்திருக்கிறது, நிலத்தடி நீருக்கு ஆபத்தா என்பதையும் ஆராயும். தளத்துக்கு வெளியே, பொதுச்சாலையில் ஓடும் லாரி அதன் வரம்புக்குள் வராது.

சாலை எப்படி உடைகிறது?

சாலைப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கையில் வைத்திருக்கும் ஒரு விதி உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சாலைகளைப் போட்டு அவற்றின்மீது லாரிகளை இரவும் பகலும் ஓட்டி நடத்திய சோதனையில் பிறந்தது அது. சாலைக்கு ஏற்படும் சேதம் அச்சின் எடையோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்காகக் கூடுகிறது. பிரிட்டனில் நான்கு அச்சு டிப்பருக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 32 டன். அச்சுக்குச் சராசரி 8 டன். ஓர் அச்சில் ஒரு டன் ஏற்றிய வண்டியோடு ஒப்பிட்டால் எடை 8 மடங்கு, சேதம் 4,096 மடங்கு. சில நூறு கார்கள் நாள்தோறும் ஓடியும் ஆண்டுக்கணக்கில் தாங்கிய சாலை, ஒரே பருவத்தில் பிளந்துபோவதன் ரகசியம் இதுதான்.

இங்கிலாந்தின் கிராமச் சந்துகளில் பல, யாரும் வடிவமைத்துப் போட்டவை அல்ல. மாட்டுவண்டிப் பாதையில் சல்லி விழுந்து, அதன்மேல் காலப்போக்கில் தார் ஏறியவை. ஓரக்கல் கிடையாது. எதிரே வண்டி வந்தால் லாரி புல்லில் இறங்கித்தான் ஒதுங்க வேண்டும். அப்போது தாரின் விளிம்பு நொறுங்கும். பிடிமானம் போன ஓரம் உள்நோக்கிச் சரியும். சக்கரத்தில் ஒட்டிவந்த களிமண் சாலையோர வடிகாலை அடைக்கும். தேங்கிய நீர் விரிசலில் இறங்கும். பனிக்காலத்தில் உறைந்து விரியும். மறுநாள் லாரி ஏறும்போது பெயர்ந்து குழியாகும்.

சரிசெய்யப் பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ளூர்ச் சாலைகளின் நிலுவைப் பழுதை முழுவதும் தீர்க்க ஏறக்குறைய 1,700 கோடி பவுண்டு வேண்டும் என்று தார்ச்சாலைத் தொழில் கூட்டமைப்பின் 2025 ஆய்வு மதிப்பிட்டது. ஒரு சாலைக்கு மறுதார் போடும் முறை வருவது சராசரியாக 93 ஆண்டுக்கு ஒருமுறை என்றும் அதே ஆய்வு சொன்னது.

குழுவின் முன் எது எடுபடும்?

அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து கருத்துச் சொல்ல 21 நாள். கிராம அளவிலான பாரிஷ் கவுன்சிலின் கருத்தைக் கேட்பார்கள்; தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. முடிவெடுக்கும் கவுன்சில் குழுவின் கூட்டத்தில் ஆட்சேபிப்பவருக்குப் பல இடங்களில் மூன்று நிமிடம்தான் கிடைக்கும்.

அந்த மூன்று நிமிடத்தில் ‘சாலை பாழாகும்’ என்று மட்டும் சொன்னால் அதிகம் நகராது. போக்குவரத்தைக் காரணம் காட்டி மறுக்க வேண்டுமானால் சாலைப் பாதுகாப்புக்கு ஏற்க முடியாத கேடு விளைய வேண்டும். அல்லது தணிப்பு நடவடிக்கைகளுக்குப் பிறகும் சாலை வலையமைப்பின் மீதான மொத்தப் பாதிப்பு ‘கடுமையாக’ இருக்க வேண்டும். தேசியத் திட்டமிடல் கொள்கையில் இந்த ‘கடுமை’ அளவுகோல் 2012 முதல் இருந்துவருகிறது. தார் தேய்வது பராமரிப்புச் செலவு என்று ஒதுக்கப்படவே வாய்ப்பு அதிகம். போதிய ஆதாரமின்றி மறுத்தால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்வார். மறுப்பு நியாயமற்றது என்று தீர்ப்பானால் அவருடைய வழக்குச் செலவும் கவுன்சில் தலையில் விழலாம். ஊராருக்கோ மேல்முறையீட்டு உரிமை கிடையாது. ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் சட்டப் பிழையைக் காட்டுவது ஒன்றே வழி.

7.5 டன்னுக்கு மேல் செல்லத் தடை என்ற பலகை ஊர் எல்லையில் இருக்கிறதே என்று பலர் நம்பியிருப்பார்கள். அந்தப் பலகைகளில் பெரும்பாலானவற்றில், உள்ளே வேலை உள்ள வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அனுமதி பெற்ற தளத்துக்கு வரும் டிப்பர் அந்த விலக்கில் தாராளமாக நுழையும்.

ஆகவே பேரம் முழுவதும் நிபந்தனைகளில் நடக்கிறது. ஒரு நாளுக்கு எத்தனை லோடு, எந்நேரம் முதல் எந்நேரம் வரை, பள்ளி விடும் வேளையில் நிறுத்தம், வாசலில் சக்கரம் கழுவும் அமைப்பு, மண்ணுக்கு மூடுதுணி, வேலை முடியும் தேதி. இவற்றை அனுமதி ஆணையிலேயே எழுதலாம். எந்தச் சாலை வழியாக லாரி வர வேண்டும் என்பது மட்டும் அப்படி எளிதில் எழுதக்கூடியதல்ல. பொதுச்சாலையில் சட்டப்படி ஓடும் வண்டியைத் தள நிபந்தனை கொண்டு தடுப்பது நடைமுறையில் செல்லாது. அதற்கு 1990 சட்டத்தின் 106-ஆம் பிரிவில் தனி ஒப்பந்தம் போட வேண்டும். சாலையை அகலப்படுத்தவும் ஒதுங்குமிடம் அமைக்கவும் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 278-ஆம் பிரிவு உண்டு.

நீராவி எந்திரக் காலத்துப் பிரிவு

சேதத்துக்கு லாரிக்காரரிடமே பணம் வாங்கச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. பாரமான நீராவி இழுவை எந்திரங்கள் ஊர்ச்சாலைகளை நொறுக்கிய காலத்தில், 1878-இல் வந்த சட்டம் ‘வழக்கத்துக்கு மீறிய போக்குவரத்து’ என்ற கருத்தைக் கொண்டுவந்தது. இன்று அது 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவாக வாழ்கிறது. அளவுக்கு மீறிய எடையாலோ வழக்கத்துக்கு மீறிய போக்குவரத்தாலோ சாலையைப் பராமரிக்கும் நிர்வாகத்துக்குக் கூடுதல் செலவு ஆனால், அந்த மிகைத்தொகையைப் போக்குவரத்துக்குக் காரணமானவரிடம் வசூலிக்கலாம்.

நடைமுறையில் இரண்டு முட்டுக்கட்டைகள். முதலாவது, முன்பு சாலை எப்படி இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். வேலை தொடங்கும் முன் படமெடுத்து ஆய்வறிக்கை எழுதி வைக்காவிட்டால், குழி ஏற்கெனவே இருந்தது என்று வாதாடிவிடலாம். இரண்டாவது, காலக்கெடு. சேதம் நடந்து 12 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். நீண்ட காலம் நடக்கும் பணியானால் அது முடிந்து ஆறு மாதத்துக்குள். வழக்குத் தொடுக்கக்கூடியது அந்தச் சாலை நிர்வாகம் மட்டுமே, வீட்டுக்காரர் அல்ல. இதே பிரிவு, லாரி ஓடத் தொடங்கும் முன்பே ஒரு தொகைக்கு உடன்பட்டுக் கட்டிவிடவும் இடந்தருகிறது.

அனுமதியே கேட்காமல் கொட்டுபவர்களிடம் இந்த ஏற்பாடுகள் எதுவும் பலிக்காது. கென்ட் கவுண்டியின் ஹோட்ஸ் வுட், பாதுகாக்கப்பட்ட காட்டுப்பகுதி. 2023-இல் அங்கே ஏறக்குறைய 30,000 டன் கழிவு சட்டவிரோதமாகக் குவிக்கப்பட்டது. அதை அள்ள 2024 மே மாதத்தில் அரசே சுற்றுச்சூழல் முகமைக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. குவித்ததை அள்ளிப்போகவும் மறுபடி லாரிதான் வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அனுமதியற்ற இடத்தில் கொட்டினாலும் குப்பைமேட்டு வரி பொருந்தும். 2024 ஏப்ரல் முதல், அனுமதியற்ற மண்வேலைமீது கவுன்சில் நடவடிக்கை எடுக்கும் காலவரம்பு நான்கு ஆண்டிலிருந்து பத்தாண்டாக நீண்டது. தற்காலிக நிறுத்த ஆணையின் ஆயுள் 28 நாளிலிருந்து 56 நாளானது.

அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தில் ஊரார் தேட வேண்டியவை சில தாள்கள்தாம். மொத்த டன்னும் லாரி எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா? ஒரு லோடு எத்தனை டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்? சாலையின் மிகக் குறுகிய இடத்தின் அகலம் குறிக்கப்பட்டிருக்கிறதா? முன் ஆய்வு, பின் ஆய்வு, பழுதுக்கான பிணைத்தொகை ஆகிய மூன்றும் எழுத்தில் உள்ளனவா? கடிதத்தில் ‘மறுத்துவிடுங்கள்’ என்று எழுதியதற்குக் கீழே, ‘அனுமதிப்பதானால் இவை வேண்டும்’ என்று இந்தப் பட்டியலையும் சேர்த்தால், திட்டமிடல் அதிகாரி தம் அறிக்கையில் அதற்குப் பதில் எழுதியாக வேண்டிய நெருக்கடி வரும். இந்த வரிகளை ஆணையில் சேர்க்க ஏற்ற நேரம் அனுமதி கையெழுத்தாவதற்கு முன்புதான். அதன்பின் விண்ணப்பதாரரின் சம்மதமின்றிச் சேர்ப்பது கடினம்.