வலைச் சேவைக் கோரிக்கைகளை இடைமறித்து நிபந்தனைப் பதிகை செய்தல் (ஜாவா)

நிபந்தனைப் பதிகை என்பது, ஜாவாவில் எழுதப்பட்ட வலைச் சேவைக்கு வரும் கோரிக்கைகளையும் அது அனுப்பும் மறுமொழிகளையும் வழியில் இடைமறித்து, குறிப்பிட்ட நிபந்தனைக்கு உட்பட்டவற்றை மட்டும் பதிவேட்டில் எழுதும் முறையாகும். சேவையின் மூல நிரலில் கைவைக்காமல், அதற்கு முன்னும் பின்னும் இயங்கும் தனி வகுப்பு ஒன்றில் இது எழுதப்படுகிறது. எல்லாவற்றையும் எழுதும் பதிகை வட்டை நிரப்புவதோடு, எழுதக் கூடாத தகவல்களையும் சேர்த்து எழுதிவிடும். எதையும் எழுதாத பதிகையைக் கொண்டு பழுது எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது.

தேவை: ஒரு மலைக்கடை எடுத்துக்காட்டு

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை இம்மாவட்டத்தில் வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட தனி வட்டம். இங்கு மலையாளிப் பழங்குடியினர் பெருமளவில் வாழ்கின்றனர்.

தமிழகத்தில் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டம் 2020 அக்டோபரில் தொடங்கியது. ரேஷன் கடைகளில் உள்ள விற்பனைக் கருவியில் அட்டைதாரர் விரல் வைத்து ஆதார் வழி அடையாளம் காட்டும் முறை அதனுடன் வந்தது. மலைக்கடை ஒன்றில் ஒருவர் விரல் வைக்கிறார், கருவி 'தோல்வி' என்கிறது என்று கொள்வோம். மண்வெட்டி பிடித்து, மரவள்ளி பிடுங்கித் தேய்ந்த விரலாக இருக்கலாம். அலைவரிசை அறுந்திருக்கலாம். கருவியின் கடிகாரம் தவறியிருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு: முதலாவதற்கு வேறு விரலோ வேறு அடையாள வழியோ வேண்டும், இரண்டாவதற்கு அலைவரிசை வரும்வரை காத்திருக்க வேண்டும், மூன்றாவதற்குக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அரிசி வாங்காமல் மலைப்பாதையில் திரும்பி நடப்பவருக்கு மூன்றும் ஒன்றே. காரணத்தைப் பிரித்துக் காட்டும் சான்று வழங்கியின் பதிவேட்டில் இருந்தால்தான் உண்டு.

ஆதார் உறுதிப்பாட்டுச் சேவை எக்ஸ்எம்எல் வடிவில் மறுமொழி தருகிறது. அதில் வெற்றியா தோல்வியா என்பதும், பரிமாற்ற எண்ணும், தோல்வியானால் பிழைக் குறியீடும் இருக்கும். 300 என்றால் உடற்கூற்றுப் பதிவு பொருந்தவில்லை. 330 என்றால் அட்டைதாரரே தம் பதிவைப் பூட்டிவைத்துள்ளார். 561 என்றால் கோரிக்கையின் நேரமுத்திரை காலாவதியானது, 562 என்றால் நேரமுத்திரை எதிர்காலத்தைக் காட்டுகிறது. கடைசி இரண்டுக்கும் விரல் காரணமன்று. முதலில் பார்க்க வேண்டியது கருவியின் கடிகாரம்.

இடைமறிக்கும் இடங்கள்

மிகப் பழையதும் பொதுவானதும் சேவ்லெட் வடிகட்டி. 2001இல் வெளிவந்த சேவ்லெட் 2.3 முதல் இது உள்ளது. எந்த வகை வலைச் சேவைக்கும் முன்னால் இதை நிறுத்தலாம். ஆனால் இதற்குத் தெரிவது மீயுரைப் பரிமாற்ற நெறிமுறையின் தலைப்புகளும் பைட்டுகளும் மட்டுமே. செய்தியின் பொருள் தெரியாது.

சோப் வகைச் சேவைகளுக்கு ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் தரும் கையாளிச் சங்கிலி பொருத்தமானது. கையாளி வகுப்பில் செய்திக்கு ஒரு மெத்தட், பிழைச் செய்திக்கு ஒன்று, முடிவுக்கு ஒன்று என மூன்று உண்டு. உள்வரவுக்கும் வெளிச்செலவுக்கும் ஒரே மெத்தட் அழைக்கப்படுவதால், திசையைக் காட்டும் பண்பை முதலில் சோதிக்க வேண்டும். இதை மறந்து ஒவ்வொரு பதிகையையும் இரண்டு முறை எழுதுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஜாவா 11இல் மையத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டதால், அதற்குப் பிந்தைய பதிப்புகளில் நூலகமாகத் தனியே சேர்க்க வேண்டும்.

ரெஸ்ட் வகைச் சேவைகளில் 2013இல் வந்த ஜாக்ஸ்-ஆர்எஸ் 2.0 கோரிக்கை வடிகட்டி, மறுமொழி வடிகட்டி ஆகிய இரண்டையும் தருகிறது. வழங்கி தானே வேறொரு சேவையை அழைக்கும்போது பயன்படும் வாடிக்கைப்பக்க வடிகட்டிகளும் இதில் உண்டு. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் இரண்டுமே வேண்டும்: கடையிலிருந்து வரும் கோரிக்கைக்கு ஒன்று, ஆதார் சேவைக்குச் செல்லும் அழைப்புக்கு மற்றொன்று. பிழைக் குறியீடு முதலில் தென்படுவது இரண்டாவதில்தான். அப்பாச்சி சிஎக்ஸ்எஃப், ஸ்பிரிங் ஆகியவை தமக்கென இடைமறிப்பிகளைக் கொண்டுள்ளன; அடிப்படைக் கருத்து ஒன்றே.

நிபந்தனை அமைத்தல்

நிபந்தனைகள் இரு வகை. கடைக் குறியீடு, அழைக்கப்படும் செயல் போன்றவை கோரிக்கை வந்தவுடனே தெரிபவை. தோல்வி, பிழைக் குறியீடு, எடுத்துக்கொண்ட நேரம் ஆகியவை மறுமொழிக்குப் பின்னரே தெரியும். சிக்கல் இரண்டாம் வகையில்தான். எழுத வேண்டுமா என்பது தெரியும் முன்பே கோரிக்கை கடந்துபோய்விடுகிறது. எனவே கோரிக்கை வடிகட்டி, தொடக்க நேரத்தையும் தேவையான சில புலங்களையும் சூழல் பொருளின் பண்பாக வைத்துவிட்டு வழிவிட வேண்டும். மறுமொழி வடிகட்டி அவற்றை எடுத்து, பிழைக் குறியீடு இருந்தாலோ, பத்து விநாடி போன்ற ஒரு வரம்பைத் தாண்டினாலோ மட்டும் ஒரே வரியாக எழுதும்.

கடைக் குறியீட்டை எஸ்எல்எஃப்4ஜே நூலகத்தின் எம்டிசி என்னும் சூழல் வரைபடத்தில் இட்டால், அக்கோரிக்கையைக் கையாளும்போது எழுதப்படும் எல்லா வரிகளிலும் அது தானாகச் சேரும். லாக்பேக் நூலகத்தின் டர்போ வடிகட்டி அம்மதிப்பைப் பார்த்து, வெள்ளிமலைப் பகுதிக் கடைகளுக்கு மட்டும் விரிவான பதிகையைத் திறந்துவிடும். அமைவுக் கோப்பு மாறினால் அதை மீண்டும் படிக்கும்படி செய்து வைத்தால், வழங்கியை நிறுத்தாமலே பட்டியலை மாற்றலாம். இந்த வரைபடம் இழையோடு ஒட்டியது. இழைகளோ மறுபயன்பாடு பெறுபவை. வேலை முடிந்ததும் 'ஃபைனலி' பகுதியில் துடைக்காவிட்டால், வெள்ளிமலைக் கடையின் குறியீடு அடுத்து வரும் சின்னசேலம் கடையின் வரியில் ஏறிவிடும். பதிவேடே இல்லாததைவிட இது மோசம்.

உடல்பகுதியைப் படிக்கும்போது

கோரிக்கையின் உடல்பகுதி ஓர் ஓடை; ஒருமுறை படித்தால் தீர்ந்துவிடும். வடிகட்டி படித்துவிட்டால் சேவைக்கு வெற்று ஓடையே கிட்டும். பைட்டுகளை நினைவகத்தில் எடுத்து, அவற்றிலிருந்து புதிய ஓடை ஒன்றை அமைத்துத் திரும்ப வைக்க வேண்டும். வாடிக்கைப்பக்க மறுமொழிக்கும் இதே விதி. பதிகையில் நேரும் எந்த விதிவிலக்கும் வடிகட்டிக்கு வெளியே போகக் கூடாது. பதிவேட்டு வட்டு நிரம்பியதால் அரிசி நின்றது என்ற நிலை வரலாகாது.

எழுதக் கூடாதவை

ஆதார் உறுதிப்பாட்டு ஒழுங்குமுறைகள், கோரும் நிறுவனம் பரிமாற்றப் பதிவுகளை 2 ஆண்டுகள் பேண வேண்டும் என்கின்றன. அதே விதி, பிஐடி எனப்படும் தனிநபர் அடையாளத் தொகுதியை எந்நிலையிலும் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆகவே முழுக் கோரிக்கையையும் அப்படியே கொட்டும் பிழைதிருத்தப் பதிகை இங்கு விதிமீறலாகிவிடும். எடுக்க வேண்டிய புலங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, மற்ற அனைத்தையும் விடுவதே பாதுகாப்பு. விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் முறை, நாளை புதிதாக ஒரு புலம் சேர்ந்தால் ஏமாற்றிவிடும். ஆதார் எண் இருக்க வேண்டிய இடத்தில் பெட்டகத்தின் குறிப்புச் சாவியை எழுதலாம்.

வெளியிலிருந்து வரும் சரத்தை எழுதுவதே ஆபத்தாகலாம் என்பதை 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் குறைபாடு காட்டியது. தலைப்பில் அனுப்பப்பட்ட ஒரு சரத்தை லாக்4ஜே 2 பதிந்த கணத்தில், அது தொலைவழங்கியிலிருந்து நிரலை இறக்கி இயக்க வழிவிட்டது. நூலகம் பின்னர் திருத்தப்பட்டது. ஆயினும் வரிமுறிவு எழுத்துகளை நீக்கிய பின்னரே எழுதும் பழக்கம் இன்றும் தேவை. இல்லாவிட்டால் போலி வரிகளைப் புகுத்த முடியும்.

வரம்புகள்

வழங்கியில் உள்ள இடைமறிப்பி, வந்துசேராத கோரிக்கையைப் பார்க்காது. அலைவரிசை அறுந்த தோல்விகள் அதன் பதிவேட்டில் வெற்றிடமாகவே இருக்கும். மறுமொழி திரும்பும் வழியில் தொலைந்தால் நிலை இன்னும் குழப்பம்: சிறிய மறுமொழி இயக்குதளத்தின் இடையகத்தில் ஏறியதும் எழுதுதல் வெற்றி என்றே ஜாவா கருதும். வழங்கி 'வெற்றி' என்று எழுதியிருக்க, கடைக்காரர் தோல்வியைக் கண்டிருப்பார். இதனால் பரிமாற்ற எண்ணைக் கருவியே உருவாக்கி, ஒவ்வொரு முயற்சியையும் தன்னிடத்தும் குறித்துவைத்து, இணைப்பு கிடைத்ததும் அனுப்ப வேண்டும். ஒரே எண் கருவியின் பதிவேட்டில் இருந்து வழங்கியில் இல்லாவிட்டால் போகும் வழியிலும், இரண்டிலும் இருந்து முடிவு மட்டும் வேறுபட்டால் திரும்பும் வழியிலும் இணைப்பு அறுந்திருக்கிறது என்று கொள்ளலாம்.