இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமாகுமா? - கார் மைலேஜ் கணக்கு இதுதான்!

வேளச்சேரியில் இருந்து சிறுசேரிக்குத் தினமும் காரில் வேலைக்குப் போய் வருபவர் மாதம் சுமார் 1,000 கி.மீ. ஓட்டிவிடுவார். கார் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தால் கிட்டத்தட்ட 67 லிட்டர் பெட்ரோல் தேவை. அதே கார் 17 கி.மீ. கொடுத்தால் 59 லிட்டர் போதும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 800 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 9,600 ரூபாய்!

அந்தக் கூடுதல் 2 கி.மீ. எங்கிருந்து வரும்? பெரும்பாலும் ஓட்டுபவரின் வலது காலில் இருந்துதான்.

ஒரே மிதி, சடன் பிரேக்

சிக்னல் விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதி. அடுத்த 200 மீட்டரில் சடன் பிரேக். வேகமெடுக்க எரித்த பெட்ரோல் பிரேக்கில் வெறும் சூடாகி வீணாகிறது. இப்படி ஓட்டினால், நின்று நின்று நகரும் டிராஃபிக்கில் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிடுங்கள்.

நியூட்ரல் போடலாமா?

கூடவே கூடாது. அது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். இன்றைய ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் கார்கள் கியரில் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். பெட்ரோல் சப்ளை தானாக நின்றுவிடும். நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் எரிய வேண்டும்.

காசைவிட முக்கியம் உயிர். ஊட்டி, ஏற்காடு மலைப்பாதைகளில் நியூட்ரலில் இறங்கினால் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும்; சூடேறிய பிரேக் பிடிக்காமலும் போகலாம். குறைந்த கியரிலேயே இறங்குங்கள்.

டயர் காற்று, ஏர் ஃபில்டர்

காற்று குறைந்த டயரை உருட்ட இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். டயரும் சீக்கிரம் தேயும். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவை ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். 15 நாளைக்கு ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன் செக் பண்ணுங்கள்.

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் இன்றைய கார்களில் பிக்கப்தான் அடிவாங்கும், மைலேஜ் பெரிதாகக் குறையாது. ஆனாலும் சர்வீஸில் மாற்றிவிடுவது இன்ஜினுக்கு நல்லது.

ஏசியா, ஜன்னலா?

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஜன்னலைத் திறந்து வைக்கலாம். ஹைவேயில் காற்று எதிர்த்துத் தள்ளும் என்பதால் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போடுவதே மேல். தேவையில்லாத டிக்கி லக்கேஜையும், காலியாக இருக்கும் மேல் கேரியரையும் இறக்கிவிடுங்கள்.

எப்படி அளப்பது?

டேங்க் ஃபுல் செய்து கி.மீ. கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஃபுல் செய்யும்போது, ஓடிய தூரத்தை அன்று போட்ட லிட்டரால் வகுத்தால் உங்கள் உண்மையான மைலேஜ் தெரியும். பழக்கத்தை மாற்றிய பிறகு மறுபடி அளந்தால், எவ்வளவு மிச்சம் என்பது கையில் கிடைத்துவிடும்.